கோலப்புள்ளியிலிருந்து வகைக்கெழு வரை: தொகுத்தறிதல், வகையிடல் கணக்குகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்கழி பிறந்ததும் பாளையங்கோட்டையில் எங்கள் வாசலில் அக்கா போடும் முதல் பெரிய கோலம் பதினைந்து புள்ளி நேர்ப்புள்ளிக் கோலம். நடுவரிசையில் 15 புள்ளி. மேலேயும் கீழேயும் 13, 11, 9 என்று இரண்டிரண்டாகக் குறைந்து 1-இல் முடியும். அப்படி ஒரு காலையில்தான் பதினோராம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் தார்சாவில் புத்தகத்தோடு உட்கார்ந்துகொண்டு, "இந்தத் தொகுத்தறிதல் மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்கு மாமா" என்றாள்.

"வாசல்ல அம்மா வச்ச புள்ளி மொத்தம் எத்தனைன்னு சொல்லு."

எழுந்து போய் எண்ணினாள். 113. உச்சியிலிருந்து நடுவரிசை வரை 1+3+5+…+15 = 64. நடுவரிசைக்குக் கீழே 13+11+…+1 = 49. அவளே திண்ணையில் சாக்குக்கட்டியால் எழுதிப் பார்த்தாள்: 64 என்பது 8², 49 என்பது 7². "ஒத்தப்படை எண்ணாக் கூட்டினா எப்பவும் வர்க்கம்தான் வருமா மாமா?" என்று கேட்டாளே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கருவிதான் கணிதத் தொகுத்தறிதல். கோலத்தில் எட்டு வரிசையை எண்ணிவிடலாம். எட்டாயிரம் வரிசைக்கும் அதே விதி செல்லும் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

தொகுத்தறிதலையும் வகை நுண்கணிதத்தையும் பிள்ளைகள் சம்பந்தமில்லாத இரண்டு பாடங்களாகவே படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் அடி எடுத்து வைத்தால் எவ்வளவு கூடுகிறது என்பதுதான் இரண்டிலும் கேள்வி. தொகுத்தறிதலில் அடியின் அளவு 1, k-யிலிருந்து k+1-க்குப் போகிறோம். வகையிடலில், அதாவது ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று காண்பதில், அடியின் அளவு h, x-லிருந்து x+h-க்குப் போகிறோம், பிறகு h-ஐச் சுருக்கிக்கொண்டே வருகிறோம். இதைப் பிடித்துக்கொண்டால் சூத்திரங்களை மனப்பாடம் செய்யும் பாரம் பாதி குறையும்.

முதலில் தொகுத்தறிதல்

நிரூபிக்க வேண்டியது: 1+3+5+…+(2n−1) = n². இந்தக் கூற்றுக்கு P(n) என்று பெயர் வைத்துக்கொள்வோம். இதைத் தெளிவாக எழுதிய முன்னோடிகளில் ஒருவர் இத்தாலியின் சிசிலித் தீவைச் சேர்ந்த பிரான்செஸ்கோ மௌரோலிகோ. 1575-இல் அச்சான அவருடைய எண்கணித நூலில் ஒற்றைப்படை எண்களின் இந்தக் கூட்டலுக்கு அடுத்த அடி, அடுத்த அடி என்று போகும் நிரூபணம் இருக்கிறது.

படி 1. n = 1 போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் 1. வலப்பக்கம் 1² = 1. ஆகவே P(1) உண்மை. இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் காட்டுங்கள். "P(1) உண்மை" என்று ஒரு வரி மட்டும் எழுதினால் நீங்கள் சரிபார்த்தீர்களா என்று திருத்துபவருக்குத் தெரியாது.

படி 2. ஏதேனும் ஓர் இயல் எண் k-க்கு P(k) உண்மை எனக் கொள்க. அதாவது 1+3+…+(2k−1) = k².

இந்த இடத்தில் எல்லோரும் இடறுவார்கள். அக்கா மகளும் கேட்டாள்: "நிரூபிக்கச் சொன்னதையே உண்மைன்னு வச்சுக்கிட்டா பொறவு நிரூபிக்க என்ன மாமா இருக்கு?" நியாயமான கேள்வி. பதிலுக்கு பத்தமடைக்குப் போக வேண்டும். அங்கே பாய் நெய்யும்போது பாவு நூலுக்கு நடுவே ஒரு கோரையைச் செருகி, அடித்து, முந்தைய கோரையோடு சேர்ப்பார்கள். நெய்பவர் ஒவ்வொரு முறையும் பார்ப்பது ஒன்றைத்தான்: இதற்கு முந்தைய கோரை நேராக இருந்தால் இதுவும் நேராக உட்காருமா? பாய் முழுவதும் நேராக இருக்கிறது என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிடவில்லை. 'இது சரியென்றால் அடுத்ததும் சரி' என்ற பிணைப்பை மட்டும் உறுதி செய்கிறார். P(k) உண்மை எனக் கொள்வதும் அவ்வளவுதான். எல்லா n-க்கும் உண்மை என்று நாம் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு k-யில் நின்றுகொண்டு அடுத்ததற்குப் போக வழி இருக்கிறதா என்று பார்க்கிறோம். அதனால் படி 2-இல் "எல்லா k-க்கும்" என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் நிரூபணமே கவிழ்ந்துவிடும்.

படி 3. போக வேண்டிய இடத்தை ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். இலக்கு: 1+3+…+(2k−1)+(2k+1) = (k+1)². பலர் இந்தப் படியை விட்டுவிட்டு இருட்டில் துழாவுகிறார்கள். கடைசி உறுப்பைக் கவனியுங்கள். 2n−1-இல் n இருக்கும் இடத்தில் அடைப்புக்குறியோடு (k+1) போட வேண்டும்: 2(k+1)−1 = 2k+1. அடைப்புக்குறி இல்லாமல் 2k+1−1 = 2k என்று எழுதி, இரட்டைப்படை எண்ணோடு மல்லுக்கட்டும் விடைத்தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

படி 4. இடப்பக்கத்தில் பழைய பகுதிக்குப் பதிலாக k² போடுங்கள்.

[1+3+…+(2k−1)] + (2k+1) = k² + 2k + 1 = (k+1)².

இலக்கு வந்துவிட்டது. இதைப் புள்ளியாகவும் பார்க்கலாம். k வரிசை, வரிசைக்கு k புள்ளி என்று ஒரு சதுரம் வையுங்கள். வலப்புறம் நெடுக k புள்ளி, மேலே நெடுக k புள்ளி, மூலையில் ஒன்று. கூடியது 2k+1. சதுரத்தின் பக்கம் ஒன்று கூடியிருக்கிறது. அந்த மூலைப் புள்ளிதான் +1. அதை விட்டுவிட்டால் கோலம் கோணிப் போகும்.

படி 5. முடிவை எழுதுங்கள்: P(1) உண்மை. P(k) உண்மையானால் P(k+1) உண்மை. ஆகவே தொகுத்தறிதல் கொள்கைப்படி எல்லா இயல் எண் n-க்கும் P(n) உண்மை.

முதல் படியை யாரும் மதிப்பதில்லை. அது சும்மா ஒரு சடங்கு என்று நினைக்கிறார்கள். அதன் அருமை தெரிய வேண்டுமானால் 1+3+…+(2n−1) = n²+5 என்ற பொய்யை எடுத்துக்கொள்ளுங்கள். P(k) உண்மை எனக் கொண்டால் k²+5+2k+1 = (k+1)²+5. படி 4 கச்சிதமாக வேலை செய்கிறது! ஆனால் n = 1-இல் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 6. முதல் கோரை கோணலாக உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொன்றும் முந்தையதோடு ஒட்டித்தான் இருக்கிறது, பாய் மட்டும் முழுக்கக் கோணல். இந்த +5-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வகையிடலில் மறுபடியும் வரும்.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு: நாலைந்து எண் போட்டுப் பார்த்துவிட்டு நிரூபித்தாயிற்று என்று நினைப்பது. n²+n+41-இல் 1, 2, 3 என்று 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்ணே வரும். 40 போட்டால் 1681, அதாவது 41×41. முப்பத்தொன்பது சாட்சி இருந்தும் வழக்கு நிற்கவில்லை.

வகுபடும் தன்மைக் கணக்கு

4ⁿ + 15n − 1 என்பது 9 ஆல் வகுபடும் என நிறுவுக. n = 1-இல் 4+15−1 = 18, சரி. இனி P(k) உண்மை எனக் கொள்வதை வெறும் வாக்கியமாக விடாமல் சமன்பாடாக மாற்றுங்கள்: 4ᵏ + 15k − 1 = 9m, m ஒரு முழு எண். இதிலிருந்து அடுக்கு உள்ள உறுப்பைத் தனியே எடுங்கள்: 4ᵏ = 9m − 15k + 1. இவ்வகைக் கணக்கு எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி.

4ᵏ⁺¹ + 15(k+1) − 1
= 4(9m − 15k + 1) + 15k + 14
= 36m − 60k + 4 + 15k + 14
= 36m − 45k + 18
= 9(4m − 5k + 2).

அடைப்புக்குள் இருப்பது முழு எண். வேலை முடிந்தது.

அசமன்பாட்டுக் கணக்கு

2ⁿ > n². எங்கிருந்து தொடங்குவது? 1-இல் 2 > 1, உண்மை. 2-இல் 4-உம் 4-உம் சமம். 3-இல் 8, 9: பொய். 4-இல் மறுபடி சமம், 16. 5-இல்தான் 32 > 25. ஆகவே கணக்கு "n ≥ 5" என்று கேட்கும், முதல் படியும் 5-இல்தான் தொடங்கும். எல்லாக் கணக்கிலும் கைப்பழக்கமாக n = 1 போடுவது இங்கே ஏமாற்றும்.

P(k) உண்மையானால் 2ᵏ⁺¹ = 2·2ᵏ > 2k². நமக்கு வேண்டியது (k+1)². 2k² அதைவிடப் பெரிதா? கழித்துப் பாருங்கள்: 2k² − (k+1)² = k² − 2k − 1 = (k−1)² − 2. k ≥ 5 என்றால் இது குறைந்தது 14. ஆகவே 2ᵏ⁺¹ > 2k² > (k+1)². அசமன்பாட்டில் இலக்கை நேரே தொட வராது. நடுவில் ஒரு தாங்குகல் வேண்டும், இங்கே அது 2k². எது பெரிது என்று சந்தேகம் வந்தால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து மிகைக் குறியா என்று பார்ப்பதே எனக்குத் தெரிந்த பாதுகாப்பான வழி.

1-லிருந்து h-க்கு

(k+1)² − k² = 2k+1. கோலத்தில் பார்த்தது இதுதான். இனி 1 இருந்த இடத்தில் h போடுவோம்: (x+h)² − x² = 2xh + h². ஓர் அடிக்கு எவ்வளவு என்று அறிய h ஆல் வகுத்தால் 2x + h.

வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பாபநாசம் பஸ் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். t வினாடியில் அது t² மீட்டர் நகர்ந்திருக்கிறது. சரியாக 3-ஆவது வினாடியில் வேகம் என்ன? ஒரே கணத்தில் தூரமும் இல்லை, நேரமும் இல்லை, எதை எதனால் வகுப்பது? ஆகவே கொஞ்சம் நேரம் கொடுத்துப் பார்க்கிறோம். 3-லிருந்து 4 வரை: (16−9)/1 = 7. 3-லிருந்து 3.1 வரை: (9.61−9)/0.1 = 6.1. 3.01 வரை: 6.01. 3.001 வரை: 6.001. எதை நோக்கிப் போகிறது என்று சொல்லித் தரவே வேண்டாம். வினாடிக்கு 6 மீட்டர், டிரைவரின் முன்னால் முள் காட்டுவது மணிக்கு 21.6 கிலோமீட்டர். அந்த 6-தான் எல்லை மதிப்பு. t = 3-இல் t²-இன் வகைக்கெழுவும் அதுவே.

ஜெர்மானியக் கணிதவியலாளர் லைப்னிட்ஸ் வகையிடல் பற்றிய தன் முதல் கட்டுரையை 1684-இல் வெளியிட்டார். அதற்கு முன்பே, பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே, நம் பொதிகை மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் சங்கமக்கிராம மாதவன் என்ற கணிதவியலாளரும் அவர் வழி வந்தவர்களும் முடிவிலாத் தொடர்களைக் கையாண்டிருக்கிறார்கள். சிறு சிறு துண்டாக நறுக்கி எல்லைக்குப் போகும் எண்ணம் அங்கே இருந்தது. மலை தாண்டினால் வந்துவிடும் தூரம் என்பதால் அதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

முதற்கொள்கையில் வகையிடுதல்

நான்கு வேலை. f(x+h) எழுதுங்கள். f(x)-ஐக் கழியுங்கள். h ஆல் வகுத்து, மேலும் கீழும் உள்ள h-ஐ அடியுங்கள். அடித்த பிறகுதான் h-ஐ 0-க்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு முன்பே h = 0 போட்டால் 0/0 வரும், அது விடை ஆகாது.

f(x) = 1/x எடுத்துக்கொள்வோம்.
f(x+h) − f(x) = 1/(x+h) − 1/x = (x − x − h)/(x(x+h)) = −h/(x(x+h)).
h ஆல் வகுத்தால் −1/(x(x+h)).
h → 0 ஆகும்போது f′(x), அதாவது f(x)-இன் வகைக்கெழு = −1/x².

குறைக்குறியைப் பாருங்கள். x கூடினால் 1/x குறையும், அதனால் வரைபடத்தின் சாய்வு, அதாவது வகைக்கெழு, குறை எண்தான். விடை வந்ததும் இப்படி ஒரு வார்த்தை உங்களுக்கே சொல்லிப் பாருங்கள், குறி தப்பினால் அங்கேயே பிடிபடும். √x வந்தால் (√(x+h) + √x) ஆல் மேலும் கீழும் பெருக்குங்கள். மேலே h மட்டும் மிஞ்சும், விடை 1/(2√x).

இப்போது அந்த +5. x²+5-ஐ வகையிடுங்கள். (x+h)²+5-லிருந்து x²+5-ஐக் கழித்தால் 5 அடிபட்டுப் போகிறது, விடை அதே 2x. மாறிலியின் வகைக்கெழு 0 என்று புத்தகம் சொல்வது இதைத்தான். கூடுதலை மட்டும் பார்ப்பவருக்குத் தொடங்கிய இடம் தெரியாது. தொகுத்தறிதலில் முதல் படி ஏன் தனியாக வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே.

விதிகள்

பெருக்கல் விதி: (uv)′ = u′v + uv′. தனித்தனியே வகையிட்டுப் பெருக்கினால் போதாதா என்பவர்களுக்கு: x·x² = x³, வகைக்கெழு 3x². தனித்தனியே செய்தால் 1·2x = 2x. தப்பு கண்ணெதிரே நிற்கிறது.

இந்த விதி கையில் இருந்தால் xⁿ-இன் வகைக்கெழு n·xⁿ⁻¹ என்பதைத் தொகுத்தறிதலாலேயே நிறுவிவிடலாம். n = 1: x-இன் வகைக்கெழு 1, சூத்திரமும் 1·x⁰ = 1. xᵏ-இன் வகைக்கெழு k·xᵏ⁻¹ எனக் கொள்க. xᵏ⁺¹ = x·xᵏ. பெருக்கல் விதிப்படி 1·xᵏ + x·k·xᵏ⁻¹ = xᵏ + k·xᵏ = (k+1)xᵏ. எட்டாயிரமாவது அடுக்குக்கும் இது செல்லும். இதை முதன்முதலாகக் கரும்பலகையில் பார்த்த நாளில்தான் இந்த இரண்டு பாடமும் எனக்கு ஒன்றாயின.

சங்கிலி விதி வாழைப்பூ உரிப்பது போல. வெளி மடல் முதலில், உள் மடல் பிறகு. (3x²+1)⁵-க்கு வெளியே ஐந்தாம் அடுக்கு: 5(3x²+1)⁴, உள்ளே இருப்பதைத் தொடாமல் அப்படியே விடுங்கள். பிறகு உள்ளதன் வகைக்கெழு 6x-ஆல் பெருக்குங்கள். விடை 30x(3x²+1)⁴. அந்த 6x-ஐ மறப்பதுதான் இந்தப் பாடத்தில் அதிகம் நடக்கும் தவறு.

தொடுகோட்டுக் கணக்கில் பெரிதாக ஒன்றுமில்லை. y = x³ − 3x, x = 2. புள்ளி (2, 2). சாய்வு 3·4 − 3 = 9. கோடு y − 2 = 9(x − 2), அதாவது y = 9x − 16.

மாறுவீதம்: குறுக்குத்துறைப் படியில் உட்கார்ந்து ஆற்றில் ஒரு கல்லைப் போடுகிறீர்கள். வட்ட அலையின் ஆரம் வினாடிக்கு 0.5 மீட்டர் கூடுகிறது. ஆரம் 4 மீட்டராக இருக்கும்போது பரப்பு எவ்வளவு வேகமாகக் கூடும்? A = πr², ஆகவே A-யின் மாறுவீதம் 2πr × r-இன் மாறுவீதம் = 2π × 4 × 0.5 = 4π, வினாடிக்குச் சுமார் 12.57 சதுர மீட்டர். அவசரப்பட்டு r = 4-ஐ முதலிலேயே போட்டால் A = 16π என்று உறைந்துவிடும். உறைந்ததை வகையிட்டால் 0. முதலில் வகையிடல், பிறகே எண்.

பெருமம், சிறுமம்: அல்வாக் கடைக்கு அட்டைப்பெட்டி செய்ய வேண்டும். பக்கம் 30 செ.மீ. உள்ள சதுர அட்டையின் நான்கு மூலையிலும் x செ.மீ. சதுரம் வெட்டி, ஓரத்தை மடித்து நிமிர்த்தினால் மூடியில்லாப் பெட்டி. கொள்ளளவு V = x(30−2x)². கணக்கைத் தொடுமுன் x எதற்குள் இருக்கலாம் என்று எழுதுங்கள்: 0 < x < 15.

V′ = (30−2x)² + x·2(30−2x)(−2) = (30−2x)(30−6x).

V′ = 0 என்றால் x = 15 அல்லது x = 5. பதினைந்து வெட்டினால் அட்டையே மிஞ்சாது. ஆகவே x = 5, V = 5×20² = 2000 கன செ.மீ. பெருமம்தானா என்று பார்க்க 5-க்குச் சற்றுக் குறைவாக V′ மிகையா, சற்று அதிகமாகக் குறையா என்று பாருங்கள், ஆம், அப்படித்தான். பக்கத்து எண்களையும் போட்டுப் பார்க்கலாம்: x = 4-இல் 1936, x = 6-இல் 1944. உண்மையான அட்டையை வெட்டி மடித்துப் பார்த்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு மறக்காது. பழைய காலண்டர் அட்டை போதும்.

இரண்டும் சேரும் கணக்கு

1/x-இன் n-ஆம் வகைக்கெழு (−1)ⁿ n!/xⁿ⁺¹ என நிறுவுக (n! என்பது 1 முதல் n வரை உள்ள எண்களின் பெருக்கல்). n = 1-இல் −1/x², முன்பே முதற்கொள்கையில் கண்டது. k-ஆம் வகைக்கெழு (−1)ᵏ k!·x⁻⁽ᵏ⁺¹⁾ எனக் கொள்க. இன்னொரு முறை வகையிடுவதுதான் அடுத்த அடி. அடுக்கு −(k+1) கீழே இறங்கிப் பெருக்கும், அடுக்கில் ஒன்று குறையும்:

(−1)ᵏ k! × (−(k+1)) × x⁻⁽ᵏ⁺²⁾ = (−1)ᵏ⁺¹ (k+1)!/xᵏ⁺².

குறைக்குறி (−1)ᵏ-யோடு சேர்ந்து (−1)ᵏ⁺¹ ஆயிற்று, k+1 என்பது k!-ஓடு சேர்ந்து (k+1)! ஆயிற்று. இலக்கில் எழுதி வைத்தது அப்படியே வந்துவிட்டது.

இதே நடையில் x·eˣ-இன் n-ஆம் வகைக்கெழு (x+n)eˣ என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள். பெருக்கல் விதியை ஒருமுறை பயன்படுத்தினால் போதும். அதோடு 1³+2³+…+n³ = [n(n+1)/2]² என்பதையும் செய்யுங்கள். மாட்டிக்கொண்டால் வலப்பக்கத்தில் (k+1)-க்கு உரியதிலிருந்து k-க்கு உரியதைக் கழியுங்கள். (k+1)²/4 பொதுவாக வெளியே வரும், உள்ளே (k+2)² − k² = 4(k+1) மிஞ்சும்.